வென்றவர் கொடி

தேர்தல் வந்துவிட்டது என்பதை என் மூக்குத்தான் எனக்கு முதலில் சொல்லும். கோதுமை மாவுப் பசையில் மயில்துத்தம் கலந்து சுவரெங்கும் சுவரொட்டிகளை அப்பிவிட்டுப் போவார்கள். அது மழையில் ஊறிப் புளித்து, காலையில் கடைப் பலகைகளைத் திறக்கும்போதே முகத்தில் அடிக்கும். அந்த வாடை வந்த நாளிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்காது, அம்மாவைப் பார்த்து எனக்கும் இறங்காது.

நாவலப்பிட்டியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் தள்ளி, ஓடையை ஒட்டி ஒரே கூரையின் கீழ் எட்டுக் கடைகள் இருந்தன. அவற்றில் ஒன்று அப்பாவின் தையற்கடை; முன்னால் கடை, பின்னால் நாங்கள். தொகுதியில் மோதிக்கொண்ட இரண்டு பெரிய கட்சிகளின் பெயரையும் இங்கே எழுத எனக்கு இன்றும் துணிவில்லை. மணிக் கட்சி, ஏணிக் கட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் கொடி தைத்துக் கொடுத்தவர் அப்பாதான். மணிக்காரர்கள் கடைக்குள் வந்தால் ஏணித் துணி கட்டிலுக்கடியில் போகும், ஏணிக்காரர்கள் வந்தால் மணித் துணி போகும். இரண்டு பேரிடமும் ஒரே சிரிப்பைச் சிரித்து அப்பாவுக்குத் தாடை வலித்திருக்கும்.

சுதந்திரத்தை ஒட்டி நடந்த முதல் தேர்தலில், தோட்டத்தில் வேலை செய்த என் தாத்தா வரிசையில் நின்று ஓட்டுப் போட்டாராம். அடுத்த தேர்தலுக்குள் பிரஜாவுரிமையைப் பறிக்கும் சட்டம் வந்து, தோட்டத்துக் குடும்பங்களின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து அடியோடு போய்விட்டன. அதன் பிறகு எங்கள் தொகுதியில் யார் நின்றார், யார் வென்றார், யார் கட்சி மாறினார் என்பதெல்லாம் எங்கள் தலைக்கு மேலே நடந்த காரியங்கள். ஆனால் ஒரு வேலை மட்டும் எங்களுக்கு மிச்சமிருந்தது. வானொலியில் "முடிவு" சொன்னதும், வென்றவரின் கொடியை வாசலில் கட்டிவிட வேண்டும். ஓட்டு உள்ளவர்கள் ஆற அமரக் கட்டுவார்கள். ஓட்டில்லாத நாங்கள்தான் முந்திக்கொண்டு கட்டுவோம். அதற்காகவே அப்பா இரண்டு கட்சிக்கும் ஒவ்வொரு கொடியைத் தைத்து அலுமாரிக்குள் மடித்து வைத்திருப்பார்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது வந்த தேர்தலில் நிலைமை மாறியிருந்தது. பல வருடம் அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்து அப்பா பிரஜாவுரிமைப் பத்திரம் வாங்கியிருந்தார். அம்மாவின் விண்ணப்பம் இன்னும் எங்கோ கிடந்தது. அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தனியாகப் போய் வாழ்க்கையில் முதல்முறையாக ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். இடது சுண்டுவிரலில் மையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். "வெளியில யார்கிட்டயும் மூச்சு விடாத புள்ள" என்று மட்டும் என்னிடம் சொன்னார். எங்கே போட்டார், யாருக்குப் போட்டார் என்று அம்மா கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம்.

மறுநாள் காலை அப்பா பேக்கரிக்குப் பாண் வாங்கப் போயிருந்தபோது வானொலியில் எங்கள் தொகுதியின் பெயர் வந்தது. ஏணிக் கட்சி வென்றிருந்தது. அம்மா அலுமாரியைத் திறந்தார். நான் ஸ்டூலில் ஏறி ஏணிக் கொடியைக் கட்டினேன். வரிசையில் முதல் கொடி எங்களுடையது என்று எனக்குக் கொஞ்சம் பெருமையும்கூட.

பாணோடு திரும்பிய அப்பா அதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாரு கட்டுனது? நாம அந்தத் தொகுதியில இல்லம்மா. ஓடைக்கு இந்தப் பக்கத்தையெல்லாம் பக்கத்துத் தொகுதியோட சேத்துட்டாங்க. இங்க மணிதான் ஜெயிச்சிருக்கு."

எல்லையை மாற்றி வரைந்த செய்தி ஓட்டுள்ளவர்களுக்குத்தானே எட்டும்? அம்மாவுக்கு அதை யாரும் சொல்லவில்லை. அப்பா ஸ்டூலை இழுப்பதற்குள் லொறிச் சத்தம் கேட்டது.

பத்துப் பன்னிரண்டு பேர் கம்புகளோடு குதித்து இறங்கினார்கள். அவர்களில் இரண்டு பேர் எங்களிடம் கால்சட்டை தைத்தவர்கள். அவர்களின் முகத்தில் அறிமுகமே இல்லாதது எனக்குக் கம்பை விடப் பயமாக இருந்தது. அப்பா கழுத்தில் கிடந்த அளவுநாடாவை எடுத்து இடது கையில் சுற்றத் தொடங்கினார். சுண்டுவிரல் மறையும் வரை சுற்றினார்.

"ஏணிக்கா ஓட்டுப் போட்ட?" என்று ஒருவன் சிங்களத்தில் கேட்டான்.

"எங்களுக்கு ஏதுங்க மாத்தயா ஓட்டு? நாங்க ஓட்டில்லாத ஆளுங்க" என்றார் அப்பா. இத்தனை வருடம் எதற்காக அலைந்தாரோ அதையே இல்லை என்று சொன்னார். குரல் நடுங்கவில்லை, அது பழகிய வாக்கியம்.

அவர்கள் சிரித்தார்கள். கொடியைப் பிடுங்கி அப்பாவின் மேல் எறிந்து, உன் கையாலேயே வெட்டு என்றார்கள். துணியைப் பிடிக்க இடது கை வேண்டும். அப்பா என்னைப் பார்த்து, "புடி" என்றார். நான் இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்தேன். கத்தரிக்கோல் என் விரல்களை நோக்கி வந்து வந்து போனது. நான் பயந்தது கத்தரிக்கோலுக்கு அல்ல. அந்த நாடா ஒரு சுற்று அவிழ்ந்திருந்தது. அதைப் பார்க்கக்கூடாது, பார்த்தால் அவர்களும் பார்ப்பார்கள் என்று துணியையே வெறித்துக்கொண்டிருந்தேன். கொடி கந்தலானதும் தையல் இயந்திரத்தை ஓடைக்குள் உருட்டிவிட்டு லொறியில் ஏறினார்கள். சற்று நேரத்தில் வீதியின் கீழ் வளைவுக்கு அப்பால் கடைகள் எரிந்தன.

அன்று முழுக்க அப்பா தேசிக்காய்ச் சாறும் சாம்பலும் போட்டு அந்த விரலைத் தேய்த்தார். தோல் உரிந்தது, மை போகவில்லை. அதன் பிறகு அவர் ஒரு தேர்தலையும் விட்டதில்லை. வாக்குச்சாவடி மூடுகிற நேரத்தில் போய்ப் போட்டுவிட்டு, விரலில் வெட்டுப்பட்டதுபோல் துணி சுற்றிக்கொண்டு வருவார்.

இப்போது தொகுதி என்பது பேருக்குத்தான். மாவட்டம் முழுவதற்குமாக எண்ணுகிறார்கள். வீதியை அகலமாக்கியபோது எட்டுக் கடைகளும் போயின. கொடி கட்டுகிற வழக்கமும் போய்விட்டது. நான் பிலிமத்தலாவையில் இருக்கிறேன். எங்கள் ஆட்களில் ஓட்டில்லாதவர் என்று இன்று யாருமில்லை.

போன மாதம் கிராம சேவகர் வாக்காளர் இடாப்போடு வந்து, "இந்த வீட்டில் எத்தனை ஓட்டு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள் உள்ளேயிருந்து, "மூணு" என்றாள், தெருமுனை வரை கேட்கும்படி.

"மெதுவா சொல்லு புள்ள" என்றேன்.