அடிக்குரல்காரன் சொன்ன பெயர்

ரோஸ்கோ டில்மனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் முதலில் வரும். பிலடெல்பியாவில் முப்பத்தைந்து வருஷம் டிராம் ஓட்டினான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மலை மாதிரி உடம்பு, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி குரல். அதை வைத்துக்கொண்டு தனக்கு வேண்டியதை மட்டும் கேட்கத் தெரியாத மனுஷன்.

ஐம்பத்தேழாம் வருஷம் நாங்கள் ஐந்து பேர் பள்ளிக்கூட மாடிப்படிக்கு அடியில் பாடுவோம். எதிரொலிக்கு அதைவிட நல்ல இடம் எங்கள் பக்கத்தில் கிடையாது. வாத்தியம் ஒன்றும் இல்லை, வாய்தான் எல்லாம். வெர்னன் முன்னே நின்று பாடுவான், பாட்டு எழுதுகிறவனும் அவனே. நான் நடுக்குரல். ரோஸ்கோ அடிக்குரல், 'டும் டும்' என்று உருட்டிக்கொண்டே இருப்பான். பாட்டின் நடுவே ஓரிடத்தில் மற்றவர்கள் மெல்ல முனக, அடிக்குரல்காரன் பாடாமல் பேச வேண்டும். அதுதான் அப்போதைய வழக்கம்.

வெர்னன் எழுதிக் கொடுத்த தாளில் 'என் கண்ணே' என்றுதான் இருந்தது. நானே பார்த்தேன். இசைத்தட்டுக்குப் பதிவு செய்யும்போது இந்தத் தடியன், "எர்னஸ்டீன், என்கிட்ட வந்துடு" என்று சொல்லிவிட்டான். எர்னஸ்டீன் எங்கள் தெரு முனை வீட்டுப் பெண். அவளிடம் அதுவரை நாலு வார்த்தை பேசியிருக்க மாட்டான். மறுபடி பாட நேரமில்லை. அந்தப் பெயரோடுதான் தட்டு வெளிவந்தது.

ரேடியோவில் கேட்டவள் ஓடி வந்தாள். எங்களைத் தாண்டிப் போய் வெர்னன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"எனக்காகவா எழுதுன? எம்பேரையே போட்டுட்டியே!"

பாட்டெழுதினவன் அவன்தானே, வேறு யாரை நினைப்பாள்? வெர்னன் ரோஸ்கோவை ஒரு பார்வை பார்த்தான். "பின்ன, யாருக்காக எழுதுவேன்?" என்றான் கூசாமல்.

அன்று ரோஸ்கோவைப் பிடித்து உலுக்கினேன். "ஏன்டா, வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"அவ மொகத்தப் பாத்தியா ஹோரஸ்? எவ்ளோ சந்தோஷம்!" என்றான். அடுத்த வசந்தத்தில் வெர்னனுக்கும் அவளுக்கும் கல்யாணம்.

பாட்டு மட்டும் சாகவே இல்லை. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் அது இல்லாமல் ஜோடிகள் ஆட மாட்டார்கள். டிராமில் ஏறுகிறவர்கள், "அண்ணே, அந்தப் பேச்ச ஒருதரம் சொல்லுங்களேன்" என்று கெஞ்சுவார்கள். "காசப் போட்டுட்டு உள்ள போங்க" என்பான். வீட்டில் மட்டும் அந்தத் தட்டைப் போடுவான். அந்த இடம் வந்ததும் உதடு தானாக அசையும்.

போன வருஷம் வெர்னன் போய்ச் சேர்ந்தான். முதல் நினைவு நாளன்று சர்ச் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பழைய கூட்டத்தில் மிச்சம் நாங்கள் இரண்டே பேர்.

"இப்பவாவது சொல்லுடா. அவளுக்குத் தெரியாமலே செத்துப்போவியா?" என்றேன்.

"சொல்றேன்டா. இன்னைக்கே சொல்லிடறேன்." கையிலிருந்த கோழி வறுவல் தட்டை மேஜைமேல் வைத்தான். ஐம்பது வருஷத்துக்கு மேல் அவன் ஏங்கிய ஏக்கம் எனக்குத் தெரியும்.

அதற்குள் எர்னஸ்டீனே வந்துவிட்டாள். எழுபது தாண்டியும் அதே நிமிர்ந்த நடை.

"ரோஸ்கோ, ஒரு ஆசை. வெர்னன் எனக்காகப் போட்டானே, அந்த வரிய உன் வாயால ஒருதரம் சொல்றியா?"

பழைய வழக்கப்படி நான் மெல்ல முனகினேன். அவன் அவள் முகத்தைப் பார்த்தே சொன்னான். "எர்னஸ்டீன், என்கிட்ட வந்துடு."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நிறுத்திவிட்டார்கள். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எங்களுக்குள்ள எவ்வளவோ சண்ட, ரோஸ்கோ. ரெண்டு தடவ பெட்டியக் கட்டிட்டேன். இந்த ஒரு வரிய நெனச்சுத்தான் போகாம இருந்தேன். அவன் நெஜமாவே என்னைய நெனச்சுத்தான எழுதுனான்?"

நான் ரோஸ்கோவின் முதுகில் குத்தினேன். சொல்லுடா பாவி!

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஆமா எர்னஸ்டீன். பேர நல்லா அழுத்திச் சொல்லுடான்னு என்கிட்ட அத்தன தடவ சொன்னான்."