கசோவரியும் பஸ்ரியாம்பிள்ளையும்

மனைவி கத்தரீனா காலமான பிறகு, யாழ்ப்பாணத்துத் தீவுக் கிராமமான நாரந்தனையில் பஸ்ரியாம்பிள்ளை தனியே இருந்தார். எண்பத்து மூன்றாம் ஆண்டு இனக் கலவரத்தோடு அவுஸ்திரேலியாவுக்குப் போன மகன் எட்வேட், ஒருநாள் கடிதத்துக்குப் பதிலாகக் கசற் நாடாவில் பேசிப் பதிந்து அனுப்பினான்.

"அப்பு, இஞ்சை காட்டிலை கசோவரி எண்டொரு பறவை இருக்கு. ஆள் உயரத்துக்கு நிக்கும், ஆனால் பறக்க ஏலாது. காட்டை வெட்டி வெட்டி, இப்ப கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கு. அது அழிஞ்சுபோகாமல் பாக்கிறதுதான் என்ரை வேலை. நாள் முழுக்கத் தனியத் தேடித் திரியிறன்."

மீன்பிடித்துக் கடலால் வந்த களைப்போடு குசினிக்குள் அடுப்படியில் இருந்து, பஸ்ரியாம்பிள்ளை அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். சிரித்துச் சிரித்துப் பேசும் பிள்ளை, இதில் ஒருதரமும் சிரிக்கவில்லை.

பதில் பேசிப் பதியக் கசற்றை மறுபக்கம் திருப்பிப் போட்டார். வலை, மீன், மழை என்று சொல்ல நினைத்ததையெல்லாம் விட்டுவிட்டார்.

"தம்பி, அந்தப் பறவையைப் பாக்க நீ இருக்கிறாய். உன்னைப் பாக்க அங்கை ஆர் இருக்கினம்?" என்று மட்டும் கேட்டார்.