ஆறாவது எண்ணில் சுருண்ட விரல்

டிரம்ஸ்தான் தாளத்தை முந்தி ஓடுகிறது என்று எனக்கு முதலில் தோன்றியது ஒரு சனிக்கிழமை மதியம். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில், ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் நாங்கள் ஒத்திகை பார்க்கும் அறை. ஏழு எண்ணிக்கையில் சுழன்று சுழன்று வரும் ஒரு ரிஃபை (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துணுக்கு) பேஸ் கிட்டாரில் வாசித்துக்கொண்டிருந்தேன். தகதிமி தகிட, தகதிமி தகிட. ஆறாவது எண்ணில் இடறியது. என் ஸ்வரம் போய்ச் சேரும் முன்பே டிரம்ஸ் அங்கே இருந்தது. திரும்பிப் பார்த்து, "முகிலண்ணே, ஓடுறீங்க" என்றேன்.

என் நோயின் முதல் அறிகுறி அந்த வாக்கியம்தான். விரல் சுருண்டதைப் பிறகுதான் பார்த்தேன்.

கையால் ஒரே வேலையை ஆயிரம் தடவை செய்து பழகுகிறவர்கள் இதை வாசிக்கலாம். வாத்தியம் வாசிப்பவர்கள், தைப்பவர்கள், நாள் முழுக்க எழுதுகிறவர்கள். உங்கள் விரலும் ஒருநாள் சொன்னபடி கேட்காமல் போனால், நான் செய்த வரிசையில் எதையும் செய்யாதீர்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

எங்கள் குழுவில் மூன்று பேர். குழுவைத் தொடங்கிய ரூபன் கிட்டார். பூச்சோங்கில் ஒரு லோரிக் கம்பெனியில் வேலை பார்க்கும் முகிலண்ணே டிரம்ஸ். எங்கள் இருவரையும்விடப் பத்து வயது மூத்தவர். நான் பேஸ். கிள்ளானில் வீடு, கோலாலம்பூரில் வேலை. மென்பொருள்களில் பிழை கண்டுபிடிப்பதுதான் வேலை. அதில் நான் கெட்டிக்காரி என்று பெயர்.

ரூபன் ஒரு வழக்கம் வைத்திருந்தான். ஒத்திகையில் பாட்டு இடறி நின்றால், தவறவிட்டவர் கையைத் தூக்கவேண்டும். விளக்கம், சாக்கு எதுவும் கிடையாது. கை எழுந்ததும் மறுபடி முதலிலிருந்து. கல்யாண மண்டபங்களில் வாசித்த காலத்தில் "நீதான், இல்ல நீதான்" என்று அவன் பார்த்த சண்டைகளுக்கு அவனே கண்டுபிடித்த மருந்து அது.

அன்று முகிலண்ணே கையைத் தூக்கினார்.

"நானா? சரி சரி, என்னுதுதான். போலாம்லா."

அந்த ரிஃபை உண்டாக்கியவள் நான். பிரிக்பீல்ட்ஸில் சாலையைக் கடக்கும் இடத்தில், பார்வையற்றவர்களுக்காக டிக் டிக் என்று ஒலிக்கும் விளக்குக் கம்பத்தின் அடியில் நின்றபோது, அந்தச் சீரான ஒலிக்குமேல் ஏழு ஏழாக எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை நழுவி நழுவி, பிறகு எங்கோ ஓரிடத்தில் ஒலியோடு வந்து பொருந்தியது. பச்சை விழுந்தும் கடக்காமல் நின்றேன். அன்றிலிருந்து எனக்கு அது பித்து. கோமுட்டர் ரயிலில் பையின் பட்டையைப் பிடித்து விரல்களை ஓட்டுவேன். வீட்டில் தினமும் மூன்று மணி நேரம். தீபாவளிக்கு முன்பு பிரிக்பீல்ட்ஸில் எங்களுக்கு ஒரு மேடை கிடைத்திருந்தது. அங்கே அந்த ஏழை வாசித்துக் காட்டவேண்டும், எல்லாரும் வாயைப் பிளக்கவேண்டும். அவ்வளவுதான் ஆசை.

இப்போது விரல். இடது கையின் மோதிர விரல், தந்தியை நெருங்கும்போது உள்ளங்கையை நோக்கிச் சுருண்டது. அதே நேரத்தில் சுண்டு விரல் விறைத்து வெளியே நீட்டிக்கொண்டது. வலி இல்லை. இதை நினைவில் வையுங்கள்: வலியே இல்லை. பேஸை இறக்கி வைத்தால் எல்லாம் சரி. தட்டச்சு செய்ய முடிந்தது, தலை பின்ன முடிந்தது, பூட்டைத் திறக்க முடிந்தது. வாத்தியத்தை எடுத்தால் மட்டும், அதுவும் வேகமாகத் திரும்பும் அந்த ஆறாவது எண்ணில் மட்டும், விரல் என்னுடையது இல்லாமல் போனது.

வலிக்காத ஒன்று நோயாக இருக்க முடியாது என்று நினைத்தேன். விரலுக்குச் சோம்பல் என்று முடிவுகட்டி, மூன்று மணி நேரத்தை ஐந்தாக்கினேன். செய்யக்கூடாதவற்றில் முதலாவது அது.

இரண்டாவது, ஒத்திகையில் நடந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே இடத்தில் இடறும். நான் டிரம்ஸ் பக்கம் திரும்புவேன். முகிலண்ணே கையைத் தூக்குவார். ஒருநாள் அவர் உடனே தூக்கவில்லை. குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"அண்ணே, வீட்ல மெட்ரோனோம் இருக்கா? இல்ல, கடிகாரமாச்சும் இருக்கா?" என்றேன்.

ரூபன் சிரித்துவிட்டான். முகிலண்ணே சிரிக்கவில்லை. "இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினார்.

இரண்டு வாரம் கழித்துக் குழுவுக்கு அவருடைய குரல் பதிவு வந்தது. "ரூபன், ஷாலு, இந்த ஏழு எனக்கு ஒத்து வரலப்பா. மேடையில போயி உங்கள அசிங்கப்படுத்த விரும்பல. வேற ஆளப் பாருங்க. கோவம்லாம் ஒண்ணும் இல்ல." பின்னணியில் லோரி பின்வாங்கும் பீப் சத்தம் கேட்டது. எனக்குக் கொஞ்சம் வருத்தமும், சொல்லப்போனால் கொஞ்சம் நிம்மதியும்.

டிரம்ஸுக்குச் செராஸிலிருந்து ஒரு பெண் வந்தாள். கல்லூரி மாணவி, நன்றாக வாசிப்பாள். முதல் ஒத்திகையிலேயே ஆறாவது எண்ணில் இடறியது. அவள் நிறுத்தினாள்.

"அக்கா, நீங்க லேட்டா வரீங்க."

அறையில் யார் கையும் எழவில்லை.

"ஸ்பீக்கர்ல ஏதோ டிலே இருக்கு" என்றேன்.

அன்று மாலை ரயிலில், என் தொலைபேசியில் இருந்த ஒத்திகைப் பதிவுகளைக் கேட்டேன். பழையவற்றையும் எடுத்தேன். பல பதிவுகளில், ஒத்திகையின்போது சீராக டிக் டிக் என்று தாளம் காட்டும் மெட்ரோனோமின் சத்தம் மெலிதாகக் கேட்கும். சுபாங் ஜெயா தாண்டி, ஷா ஆலம் தாண்டி, கிள்ளான் வரும்வரை கேட்டேன். முகிலண்ணேயின் டிரம்ஸ் அந்த டிக் ஒலியின் மேலேயே, ஆணி அடித்ததுபோல் உட்கார்ந்திருந்தது. எல்லா வாரமும். பிந்தி வந்தது நான்.

கிள்ளானில் இறங்கியதும் அவருக்கு அழைத்திருக்கவேண்டும். அழைக்கவில்லை. பிழை கண்டுபிடிப்பது என் தொழில், கண்டுபிடித்தால் உடனே எழுதி அனுப்பவேண்டும் என்பது அதன் முதல் விதி. அந்தப் பிழையை மட்டும் நான் யாருக்கும் அனுப்பவில்லை. ரூபனிடம், "மக்களுக்குப் புரியாதுடா, சிம்பிளா போலாம்" என்று சொல்லி, ரிஃபை நான்கு எண்ணிக்கையாகச் சுருக்கினேன். மேடையில் கைதட்டினார்கள். யாரும் வாயைப் பிளக்கவில்லை.

அதன்பிறகுதான் மருத்துவம். கிள்ளானில் ஒரு கிளினிக்கில், தசைநாண் அழற்சி (தசையை எலும்போடு இணைக்கும் நாரில் வீக்கம்) என்று மணிக்கட்டுப் பட்டையும் வலி மாத்திரையும் கொடுத்தார்கள். இல்லாத வலிக்கு மாத்திரை சாப்பிட்டேன். மாற்றம் இல்லாததால் அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே நரம்புக் கடத்தல் சோதனை (சிறு மின் தூண்டலை அனுப்பி, நரம்பு வழியே அது செல்லும் வேகத்தை அளப்பது) செய்தார்கள். எல்லாம் சாதாரணம். டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். தாளிலிருந்து கண்ணை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"அந்தக் கிட்டார கொண்டு வந்தீங்களா?"

"இல்ல டாக்டர்."

"அது இல்லாம நான் என்னத்தப் பாக்குறது? நீங்க சொல்றபடி பார்த்தா, உங்க கை அதுகிட்ட மட்டும்தானே முரண்டு பிடிக்குது?"

அடுத்த முறை பேஸைத் தோளில் மாட்டிக்கொண்டு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரில் சக்கர நாற்காலியில் இருந்த ஓர் அங்கிள் மேலும் கீழும் பார்த்தார். "என்ன பாப்பா, டாக்டருக்குக் கச்சேரியா? நம்பர் கூப்பிடுறவரைக்கும் ஒரு பாட்டு எடுத்து வுடேன்." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உள்ளே டாக்டர் முன் வாசித்தேன். தகதிமி தகிட. நான்காவது சுற்றில் விரல் சுருண்டது. அவர் குனிந்து பார்த்தார், இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார், தொலைபேசியில் படமெடுத்து மெதுவாக ஓட்டிக் காட்டினார். ஆறாவது எண் வருவதற்கு முன்பே விரல் மடங்கத் தொடங்கியிருந்தது. எனக்கே தெரியாமல் என் விரல் அந்த இடத்துக்குப் பயந்துகொண்டிருந்தது.

ஃபோகல் டிஸ்டோனியா என்றார் (உடலின் ஒரு பகுதியில் மட்டும், பெரும்பாலும் ஒரே ஒரு வேலையின்போது மட்டும், தசைகள் நம் விருப்பமின்றி இறுகும் நரம்பியல் கோளாறு). இதன் காரணம் முழுதாகத் தெரியவில்லை. மிக நுணுக்கமான அசைவை ஓயாமல் பழகுகிறவர்களிடம் இது வருவதுண்டு. பக்கத்துப் பக்கத்து விரல்களை மூளை தனித்தனியாக அறிவது மங்கிப்போகிறது என்று விளக்கினார்.

"முழுசா போயிடும்னு நான் சொல்ல மாட்டேன். சிலருக்கு நல்லா குறையுது. ஊசி இருக்கு, அது பிறகு யோசிக்கலாம். முதல்ல அந்த அஞ்சு மணி நேரத்த நிறுத்துங்க."

ஊசி என்று அவர் சொன்னது போட்டுலினம் (இறுகும் தசையைச் சில மாதங்களுக்குத் தளர்த்தும் மருந்து).

வெளியே வந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. லேசாக இருந்தது. நோய் என்று ஒரு பெயர் கிடைத்துவிட்டது, இனி நான் குற்றவாளி இல்லை. அன்று சமையலறையில் நின்றபடி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னது, மூளை, விரல், முகிலண்ணே விலகியது, எல்லாமே. "பாத்தீங்களாம்மா, என் மேல தப்பே இல்ல. இது வியாதி."

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"வெரலுக்குத்தானே வியாதி. வாய்க்கு என்ன வந்துச்சு?"

நான் வாங்கிய எல்லா மருத்துவ அறிக்கைகளிலும் இல்லாத வரி அது.

சிகிச்சை என்பது பெரும்பாலும் செய்யாமலிருப்பதுதான். தொழில்வழிச் சிகிச்சை (அன்றாட அசைவுகளை மீண்டும் பழக்கும் சிகிச்சை) தரும் அக்கா மலாய்க்காரர். அவர் எனக்குச் சொன்ன மந்திரம் ஒன்றுதான்: "பெலான்-பெலான்." மெதுவாக, மெதுவாக. ஒரு ஸ்வரம் மட்டும். விரல் சுருளப்போகிறது என்று தெரிந்த கணமே நிறுத்திவிட்டுக் கையைத் தொங்கவிடவேண்டும். ஐந்து நிமிடம், காலையிலும் மாலையிலும். மெல்லிய ரப்பர் கையுறை போட்டு வாசிக்கச் சொன்னார். தொடு உணர்வு மாறினால் சிலருக்கு விரல் ஏமாந்து நேராகுமாம். எனக்கும் நான்கு நாள் ஏமாந்தது. ஐந்தாம் நாள் கண்டுபிடித்துவிட்டது.

இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. அவசரக்காரியான எனக்கு அந்த ஐந்து நிமிடம் தண்டனை. ஆனால் ஒன்று பழகியது. விரல் இடறப் போவதை, இடறுவதற்கு முன்பே உணர ஆரம்பித்தேன். முன்னங்கையில் மெல்லிய இழுப்பாக வரும். அதே இழுப்பு, யாரையாவது குறை சொல்ல நான் வாயெடுக்கும்போது தொண்டையிலும் வருகிறதா என்று கவனித்தேன். வரத்தான் செய்கிறது.

ஒரு ஞாயிறு காலை பூச்சோங்குக்குப் போனேன். லோரிக் கம்பெனிக்கு எதிரே இருந்த மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை) முகிலண்ணே ரொட்டி சானாயை, எங்கள் ஊர்ப் பரோட்டாவை, பிய்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று சொன்னார். உட்கார்ந்த கையோடு சொல்லிவிட்டேன். பதிவுகள், ரயில், ஸ்பீக்கர் என்று சொன்ன பொய், டாக்டர். நோயின் பெயரைக் கடைசியில்தான் சொன்னேன். அதை முன்னால் வைத்தால் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன் என்று தெரியும்.

அவர் பிய்த்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்தார்.

"நான் வீட்ல மெட்ரோனோம் போட்டு வாசிச்சுப் பார்த்தேன், தெரியுமா? சரியாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் ஏண்ணே கை தூக்கினீங்க?"

"நீ சொன்னியே. உனக்குக் காது நல்ல காதுன்னு ரூபன்கிட்ட நான்தானே சொல்லி உன்ன சேர்த்தேன்." குவளையைத் தள்ளி வைத்தார். "அதுக்கப்புறம் எதுலயும் எண்ணிக்கை நிக்கல. லோரியில மூட்டை எண்ணினாக்கூட ரெண்டு தடவ எண்ணுறேன்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் "பரவால்ல" என்று சொல்லவில்லை. நானும் அதற்காகக் காத்திருக்கக்கூடாது என்று தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க, அந்த விரலக் காட்டு" என்றார். மேசைமேல் கையை வைத்தேன். வாத்தியம் இல்லாததால் அது நல்ல பிள்ளைபோல நேராகக் கிடந்தது. "இதுக்கா இவ்ளோ கலாட்டா" என்றார். சிரித்தாரா என்று சரியாகத் தெரியவில்லை.

கிளம்பும்போது கேட்டேன், வரும் சனிக்கிழமை ஒத்திகைக்கு வருவாரா என்று.

"ரூபனுக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்ல. அங்க வச்சுத்தான் சொல்லணும். உங்க முன்னாடி."

"பாக்கலாம்லா" என்றார். எங்கள் ஊரில் அதற்கு வருகிறேன் என்றும் பொருள் உண்டு, வரமாட்டேன் என்றும் உண்டு.

இப்போதெல்லாம் என் கை எனக்கு உடைமைபோல் தோன்றுவதில்லை. பக்கத்து வீட்டில் குடியிருக்கும் ஒருவர்போல, கேட்டுக் கேட்டுப் பழகவேண்டியிருக்கிறது. நேரமும் மாறிவிட்டது. முன்பு ஏழு எண்ணிக்கை என்பது தாவிக் கடக்கும் ஒன்று. இப்போது ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவே ஓர் அகலமான இடம் இருக்கிறது. அதில் நின்று சுற்றிப் பார்க்க முடிகிறது.

சனிக்கிழமை மதியம் அதே அறை. மெட்ரோனோமை நிமிடத்துக்கு நாற்பது அடியில் வைப்பேன், நடை பழகும் குழந்தையின் வேகம். மோதிர விரலை விட்டுவிட்டு, மற்ற விரல்களால் மட்டும் அந்த ஏழை வாசிக்கப் போகிறேன். ஆறாவது எண்ணில் என் பேஸ் ஒலிக்காது. டிரம்ஸ் பின்னால் முகிலண்ணே உட்கார்ந்திருந்தால், அந்தக் காலி இடத்தில் அவருடைய அடி மட்டும் தனியாக, சரியாக விழுவதை ரூபனும் கேட்பான். அவர் வராவிட்டால் அந்தப் பழைய பதிவைப் போட்டுக் காட்டுவேன். எப்படியானாலும் பாட்டு நின்றதும், பேஸின் கழுத்திலிருந்து இடது கையை எடுத்து, மேலே தூக்கப் போகிறேன்.