ஊசி என்றால் புதியது

ஃபின்லாந்தில் நர்ஸ் வேலை, மொழி வகுப்பு இலவசம் என்று ஒரு நோட்டீஸை எங்கள் மருத்துவமனையின் உடை மாற்றும் அறையில் யாரோ ஒட்டியிருந்தார்கள். நானும், ஐ.சி.யு.வில் என்னோடு வேலை பார்த்த வங்காளித் தோழி ஒருத்தியும் சேர்ந்தோம். ஜாதவ்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் வாரம் இரண்டு நாள், மாலையில் வகுப்பு.

வாத்தியார் அறுபதைத் தாண்டிய வங்காளி. கப்பலில் எஞ்சினியராக இருந்தவர். பத்து வருஷம் ஃபின்லாந்தில் குடியிருந்ததாகச் சொன்னார். முதல் நாள் 'இஸோ தலோ' என்று பலகையில் எழுதினார். பெரிய வீடு. பிறகு 'குல்மா வெசி', குளிர்ந்த தண்ணீர். 'வன்ஹா நைனென்', வயதான பெண். இங்கிலீஷில் போல 'எ', 'தி' கிடையாது. இந்தியில் போல ஆண் பெண் பார்த்து மாற்றும் தொல்லையும் கிடையாது. பெயரடை முன்னால், பெயர் பின்னால். நம் தமிழ் மாதிரியேதான் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்து 'ஊசி சைராலா' என்றார். நான் சிரித்துவிட்டேன். ஊசி என்றால் புதியது. சைராலா என்றால் மருத்துவமனை.

கிடர்பூரில் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். துறைமுகத்துக்கு வரும் பெட்டிகளைத் திறந்து பார்ப்பதே சுங்க இலாகாவில் அவருடைய உத்தியோகமாக இருந்தது. தூத்துக்குடியை விட்டு வங்காளத்துக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும் பேச்சு மாறவில்லை.

"ஊசின்னா புதுசா? எவன் சொன்னான்?"

"வாத்தியார்தான்ப்பா."

"ஓசியில சொல்லித் தாரான்னா வேற எங்கயோ பிடிக்கப் போறான். நல்லா பாத்துக்கிடு. பொட்டி மேல ஒண்ணு எழுதியிருப்பான், உள்ள வேற ஒண்ணு கெடக்கும்."

அதற்குப் பிறகு என் கண்ணிலும் ஒவ்வொன்றாகப் படத் தொடங்கியது. ஐந்து வாரம் ஆகியும் இரண்டிரண்டு சொற்கள்தான். சுத்தமான விரிப்பு, சூடான காப்பி, சின்னப் பூனை. முழு வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மேனேஜர், வாத்தியார் கொஞ்சம் கூடுதலாகப் பேசினால் தலையைத் தூக்கிப் பார்ப்பார்.

ஒருநாள் பஸ்ஸில் வரும்போது போனில் ஃபின்னிஷ் பாட வீடியோ ஒன்றைப் பார்த்தேன். புதிய மருத்துவமனையில் வேலை செய்கிறேன் என்பதற்கு அதில் பாடம் நடத்திய பெண் 'ஊதெஸ்ஸா சைராலஸ்ஸா' என்றாள். மூன்று முறை திருப்பிப் போட்டேன். ஊசி எங்கே போயிற்று? இந்த மனிதருக்கு அந்த மொழியே தெரியாதோ என்று அன்றுதான் முதலில் தோன்றியது.

அடுத்த வகுப்பில் கேட்டேன். "சார், புதிய மருத்துவமனையில் என்று எப்படிச் சொல்வது?"

அவர் தடுப்புப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "அது இப்போது வேண்டாம்" என்று பலகையை அழித்தார். பொய்க்காரன் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அன்று வகுப்பு முடிந்ததும் மேனேஜர் எங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஃபின்னிஷில் ஒரு கடிதத்தைக் கொடுத்தார். வேலைக்கான உத்தரவாம். வெள்ளிக்கிழமை எல்லாரும் அசல் சான்றிதழ்களைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டுமாம்.

பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தபோது வாத்தியார் வேகமாக நடந்து வந்தார். மூச்சு வாங்கியது.

"நீ கேட்டதுக்குப் பதில், ஊதெஸ்ஸா சைராலஸ்ஸா. 'உள்ளே' என்கிற 'ஸ்ஸா' வால் மருத்துவமனைக்கு மட்டும் வராதும்மா. புதிய என்கிறதுக்கும் வரும். இரண்டும் சேர்ந்தேதான் மாறும்."

"இதை ஏன் சார் உள்ளே சொல்லவில்லை?"

"இரண்டு சொல்லுக்கு மேலே போகக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு."

"குளிர்ந்த தண்ணீரில்?"

"குல்மஸ்ஸா வெதெஸ்ஸா." யோசிக்கவே இல்லை.

பஸ்ஸில் ஏறியதும் போனில் பார்த்தேன். சரியாகவே இருந்தது. ஆனால் மொழி தெரிந்தவன் யோக்கியனாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? என்னை மட்டும் தேடி வந்து சொல்வானேன்? இதில் அவருக்கு என்ன லாபம்? வீடு வரும்வரை இதே யோசனை.

வீட்டில் அந்தக் கடிதத்தை விரித்தேன். முக்கால்வாசி புரியவில்லை. இரண்டாவது வரியில் மட்டும் எனக்குத் தெரிந்த சொற்கள்: 'ஊசி சைராலஸ்ஸா.' மருத்துவமனைக்கு வால் இருந்தது, 'புதிய' என்பதற்கு இல்லை. தமிழிலோ வங்காளத்திலோ நினைத்து எழுதுகிறவர் செய்யும் தப்பு. ஃபின்லாந்துக்காரர் எவரும் இப்படி எழுதமாட்டார். வகுப்பை இரண்டு சொல்லோடு நிறுத்தச் சொன்னது இது எங்கள் கண்ணில் படாமலிருக்கத்தான்.

அப்பாவிடம் காட்டி விளக்கினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அப்பம் இது இங்கன வச்சு எழுதுனது" என்றார். "ஒரிஜினலப் பிடிச்சு வச்சுக்கிட்டு, திருப்பித் தர துட்டு கேப்பான்."

உடனே தோழிக்குப் போன் செய்தேன். "பையிலேயே இருந்துச்சு, நான் இன்னைக்கே ஒரிஜினலைக் கொடுத்துட்டேனே" என்றாள்.

மறுநாள் அப்பாவும் தோழியும் நானும் அந்த மாடிக்குப் போனோம். தோழியின் சான்றிதழ்களை அப்பா கேட்டார். தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியாகிவிட்டது என்றார் மேனேஜர்.

"எந்த கூரியர்? ரசீது காட்டுங்க" என்றார் அப்பா, உத்தியோகத்துக் குரலில்.

மேனேஜர் பதில் சொல்வதற்குள் வகுப்பறையிலிருந்து வாத்தியார் வந்தார். யாரையும் பார்க்காமல் இரும்பு அலமாரியைத் திறந்து, ஒரு கோப்பை எடுத்துத் தோழியின் கையில் வைத்தார். "கிளம்புங்க" என்று எங்களோடு தானும் படியிறங்கினார். மேனேஜர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவர் திரும்பவில்லை.

டீக்கடையில், இத்தனை நாள் ஏன் அங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன்.

"ஃபின்லாந்துக்காரியைத்தான் கட்டியிருந்தேன். அவள் காலமான பிறகு அந்த மொழியில் ஒரு வார்த்தை பேச ஆளில்லை. வகுப்பிலாவது பேசலாம்னு போனேன். இரண்டு சொல்லாவது பேசினேன்."

தோழி அழுதாள். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எங்களுக்கு முன்னால் வந்தவர்களுக்கும் இப்படி எடுத்துக் கொடுத்தீர்களா?"

அவர் கையிலிருந்த மண் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் நான்கு வகுப்புகள் முடிந்திருந்தன என்பதை ஜெராக்ஸ் கடைக்காரரிடம் பிறகு தெரிந்துகொண்டேன்.

இரண்டு மாதத்தில் அந்த மாடியில் வேறு ஏதோ டியூஷன் பலகை தொங்கியது. நான் ஃபின்னிஷை விடவில்லை. இணையத்தில் வேறொருவரிடம் படிக்கிறேன், வாக்கியங்கள் வருகின்றன. வாத்தியார் இரண்டு முறை போன் செய்தார். நான் எடுக்கவில்லை. செய்தது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை.