வாயில் வந்த முதல் கேள்வி

மூன்று வயது மகளை வீட்டில் காணோம் என்றதும் நான் ஓடியது வேலியில்லாத பழைய சுரங்கக் குழிக்குத்தான். விளிம்பில் குனிந்து எட்டிப் பார்த்தேன். உள்ளே இருட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பிறகு கூலியாட்களின் தட்டி வீடுகளில் தேடினேன். கடைசி வீட்டு வாசலில் ஒரு பெண்ணின் பக்கத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். குழியோரம் நின்றவளைத் தூக்கி வந்தது அந்தப் பெண்தான்.

அவர்கள் கைத் தண்ணீரை எங்கள் வீட்டார் தொடுவதில்லை. மகளைத் தூக்கியதும், “இங்க தண்ணி ஏதாவது குடிச்சாளா?” என்றுதான் கேட்டேன்.

“இல்ல சாமி. தாகம்னு அழுதுச்சு. நீங்க இன்னா சொல்வீங்களோன்னு நான்தான் குடுக்கல.”

மகளின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. அப்போதாவது ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் கொடுத்திருக்கலாம். “நல்லது” என்று சொல்லிவிட்டு, அழுகிற பிள்ளையோடு வெயிலில் வீடுவரை நடந்தேன்.