நூற்றுப் பதினெட்டாவது வேஷம்

சென்ற வருட மழைக்காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கண்டியில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் மாடி வராந்தாவில் நடந்தது இது. அப்போது எனக்கு வயது எழுபத்து நான்கு. இடது கண்ணில் வெண்புரை முற்றிப்போய், வலது கண்ணிலும் படரத் தொடங்கி, வருகிறவர் யார் என்பதைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கும் நிலையில் இருந்தேன். இனியும் தள்ளிப்போட்டால் கண் மிஞ்சாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

தள்ளிப்போட்டது நான்தான். அதே வராந்தாவுக்கு இரண்டு தடவை வந்து, என் முறை வருவதற்குள் எழும்பி வீட்டுக்கு ஓடியவன் நான். முதல் தடவை, எனக்கு முன்னால் உள்ளே போனவர் இருபத்தாறு நிமிடமாகியும் வெளியே வரவில்லை. இரண்டாம் தடவை, பத்தொன்பது படி ஏறியதில் நெஞ்சு படபடத்தது. அதைச் சாட்டாக வைத்துக்கொண்டேன். முப்பத்தாறு வருடம் அரசாங்கக் கந்தோரில் கணக்கெழுதும் எழுதுவினைஞராக இருந்ததாலோ என்னவோ, எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. எண்ண எண்ணப் பயமும் கூடும்.

மூன்றாம் தடவை வத்தேகமவிலிருந்து பஸ்ஸில் கூடவே வந்த என் மனைவி, கீழே உட்கார்ந்துகொண்டு சொல்லியனுப்பினாள்: "இந்த முறையும் இறங்கி வந்தியளெண்டால் நான் தனியப் போயிடுவன். வீட்டுக் கதவும் திறக்கமாட்டன்."

மேலே எங்களுக்குப் பச்சை உடுப்பு மாட்டிவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டு, நீள வாங்கு ஒன்றில் இருத்தினார்கள். பன்னிரண்டு பேர். நான் ஆறாவது. எனக்குப் பக்கத்தில் ஒரு பச்சை உருவம் வந்து அமர்ந்து, "என்னங்க ஐயா, ரொம்ப யோசனையா இருக்கீங்க?" என்று கேட்டது.

அந்தக் குரலை நான் அறிவேன். ஆழமான, அவசரமில்லாத குரல். இந்தக் குரல் எத்தனையோ பேரிடம் நாடி பிடித்துப் பேசியதைக் கேட்டிருக்கிறேன் என்று மனம் சொன்னது. டொக்டர்தான் என்று முடிவு கட்டினேன். அவர்களும் பச்சைதானே உடுத்துகிறார்கள்.

"டொக்டர், எத்தனை நிமிசம் பிடிக்கும்?" என்றேன்.

என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, "பதினஞ்சு நிமிஷம் ஐயா. ஒண்ணும் தெரியாது" என்றார்.

போதாதா? என் பிரஷர், சீனி, இரவில் எத்தனை தடவை எழும்புகிறேன், இரண்டு தடவை ஓடியது எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவர் நிதானமாகக் கேட்டார். இடையிடையே "ம்" என்றார். பிறகு, "இந்தத் தடவை நீங்க ஓட மாட்டீங்க" என்றார். பயம் அப்படியே அடங்கியது. ஐந்து வருடத்தில் எந்த டொக்டரும் என் பேச்சை இவ்வளவு நேரம் கேட்டதில்லை.

அந்த நேரம் பார்த்துக் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட நேர்ஸ் வந்தார். எனக்கு மூன்று சொட்டு. அடுத்து அவரையும் தலையை நிமிர்த்தச் சொன்னார்.

"டொக்டருக்கும் ஏன் மருந்து விடுறியள்?" என்று கேட்டேன்.

வாங்கு முழுவதும் சிரித்தது. வாங்கின் கோடியில் இருந்த ஒரு அம்மாதான் விளக்கினார்: "அவரு டீவி டொக்டருங்க. நாங்க தெனம் எட்டு மணிக்குப் பாக்குறோமே, அவரு."

அப்போதுதான் விளங்கியது. எட்டு மணிக்கு என் மனைவி நாடகம் பார்க்கும்போது நான் அடுத்த அறையில் பேப்பருடன் இருப்பேன். முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. குரல் மட்டும் சுவரைத் தாண்டி வரும். ஒரு நடிகரிடம் என் சீனி வியாதியைச் சொல்லியிருக்கிறேன். வெட்கமும் கோபமுமாக எழும்பிவிட்டேன். மூன்றாம் தடவை.

ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. அது விடுவதாக இல்லை.

"ஐயா, மன்னிச்சுக்கங்க. பயந்துபோய் இருந்தீங்க, அதான் அப்படிப் பேசிட்டேன். நீங்க போனா நானும் பின்னாலயே வந்துருவேன். கண்ணாடி இல்லாம எனக்கு வாசல் எந்தப் பக்கம்னுகூடத் தெரியல." பிறகு இன்னும் மெதுவாக, "போன மாசம் நானும் ஓடினவன்தான்" என்றார்.

என்ன செய்வது, திரும்பவும் வாங்கில் இருந்தேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. தெரிந்ததைத்தான் கேட்டேன்: "தம்பி, நீங்கள் இதுவரைக்கும் எத்தனை வேசம் போட்டிருப்பியள்?"

"யாருங்க அதை எண்ணினது?"

"அப்ப எண்ணுவம்."

மடுல்கெல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், கோயில் திருவிழா மேடையில் ராஜாவுக்குச் சாமரம் வீசும் பணிப்பெண், ஒன்று. நாவலப்பிட்டியில் தபால்காரன். ஒரே ஒரு வசனம், அதை மறந்து, கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டாராம், இரண்டு. கொழும்பு மேடைக்குப் போனபின் கல்யாணப் பெண்ணின் தகப்பனாக மட்டும் ஒன்பது. பொலிஸ் பதினொன்று, திருடன் நான்கு. ஒரு படத்தில் கதவைத் தட்டும் கை மட்டும் வந்ததாம். அதைச் சேர்ப்பதா என்று வாங்கே வாதாடியது. சேர்த்துத்தான் ஆகவேண்டும் என்று நான் தீர்ப்புச் சொன்னேன்.

"முப்பது வருஷமா நடிக்கிறேன், இப்படிக் கணக்குக் கேட்ட ஆளு நீங்கதான்."

"கதையை விடுங்கோ. இருபத்தேழுக்குப் பிறகு என்ன?"

நாற்பதைத் தாண்டும்போது அவர் என் மணிக்கட்டை விட்டிருந்தார். அறுபத்து மூன்றில், எனக்கு முந்திய ஆளாக, அவரைக் கூப்பிட்டார்கள். எழும்பியவர் குனிந்து, "அறுபத்து மூணு. மறந்துறாதீங்க ஐயா. மிச்சத்த வந்து சொல்றேன்" என்றார்.

கதவு மூடியது. நான் நிமிடங்களை எண்ணினேன். பத்தொன்பது ஆகியும் என்னைக் கூப்பிடவில்லை. பழைய பயம் காலிலிருந்து ஏறியது. படிக்கட்டு எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாது; எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நான் இறங்கினால் அந்த அறுபத்து மூன்றும் என்னோடு இறங்கிவிடும். கண்ணில் கட்டோடு வந்து அந்த மனிதன் யாரிடம் கேட்பான்? அந்த ஒரு காரணத்துக்காகத்தான் இருந்தேன். உள்ளே மேசையில் படுத்திருந்தபோதும் அறுபத்து மூன்று, அறுபத்து மூன்று என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். டொக்டர், உண்மையான டொக்டர், "என்ன கணக்கு?" என்று கேட்டார்.

கட்டுப் போட்டு அடுத்த அறையில் படுக்கவைத்தார்கள். பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது: "ஐயா, எத்தனையில நின்னோம்?"

பின்னேரம் வரை எண்ணினோம். டீவி டொக்டரோடு நூற்றுப் பதினேழு. இன்னொன்றைச் சேர்க்கவேண்டும் என்றேன்: அன்று காலை வாங்கில் போட்ட டொக்டர். மேடையில்லை, மேக்கப் இல்லை, அதை எப்படிச் சேர்ப்பது என்று அவர் மறுத்தார். கையைச் சேர்த்தோமே, அதோடு பதினொரு பேர் பார்த்திருக்கிறார்கள் என்று நான் விடவில்லை.

இரவு அங்கேயே தங்கி, மறுநாள் கட்டவிழ்த்தபோது, நான் முதலில் தெளிவாகப் பார்த்த முகம் அவருடையது. குரலைவிட ஆள் குட்டை.

இவ்வருடத் தொடக்கத்தில் கண்டியில் அவருக்கு ஒரு பாராட்டு விழா நடந்தது. நானும் மனைவியும் நான்காவது வரிசையில் இருந்தோம். அறிவிப்பாளர், "நூற்றுப் பதினெட்டு வேஷங்கள் ஏற்ற கலைஞர்" என்று வாசித்தார். மேடையிலிருந்து அவர் சபையில் என்னைத் தேடிப்பிடித்துச் சிரித்தார்.

வலது கண்ணுக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் பக்கத்தில் யார் இருந்தாலும், நிமிடங்களை விட்டுவிட்டு அவரிடம் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது என்று முதலில் கேட்பேன்.