மாப்பிள்ளையின் பூட்டனை விசாரித்தேன்

மகள் லூகாஸைக் கட்டப்போவதாகச் சொன்னபோது நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் சம்பந்தம் என்று வந்தபிறகு விசாரிக்காமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. அவனுடைய பூட்டன் போலந்திலிருந்து ஜெர்மனிக்கு, நாங்கள் இருக்கும் எசன் நகரின் நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்கு வந்தவராம். ஒருவருக்கும் சொல்லாமல் நகர ஆவணக் காப்பகத்தில் நாளும் நேரமும் கேட்டு, தேர்மின் எடுத்துப் போனேன்.

அவர் பெயரில் ஒரு பழைய பொலிஸ் கோப்பு இருந்தது. அந்தக் காலத்துக் கையெழுத்தில் எனக்கு விளங்கியது 'சிறை' என்ற ஒரு சொல் மட்டுமே. கொலையோ களவோ தெரியாது. மண்டபம் பிடித்து அழைப்பிதழும் அச்சடித்தாயிற்று. மகளின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. கடைசியில் கணவரிடம் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன்.

அங்கிருந்த அலுவலர் நிதானமாக வாசித்துச் சொன்னார். தொழிலாளர் கூட்டமொன்றில் தடையை மீறிப் போலந்து மொழியில் பேசியதற்காகத்தான் அவரைச் சிறையில் போட்டிருக்கிறார்கள்.

திரும்பும்போது ட்ராமில் கணவர் சொன்னார்: "கிழக்கு பெர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்திலை இறங்கி, விசா இல்லாமல் மேற்குப் பக்கம் வந்ததெண்டு என்னையும் பொலிஸ் பிடிச்சது. இந்த நாட்டுக்கு எப்பிடி வந்தனீங்கள் எண்டு லூகாஸின்ரை அம்மா கேக் வெட்டித் தந்து நேரை கேட்டவா. நானும் எல்லாம் சொன்னனான். நீர் ஏன் அவவைக் கேக்கேல்லை?"

வீட்டுக்கு வந்ததும் லூகாஸின் அம்மாவுக்கு ஃபோன் எடுத்து, சாப்பிட வரச் சொன்னேன்.

இப்போதும் எங்கள் ஆட்கள் யாராவது ஒரு குடும்பத்தைப் பற்றிச் சம்பந்தம் விசாரிக்க எனக்கு ஃபோன் எடுப்பதுண்டு. "என்னைக் கேளாதேங்கோ. அவையளைச் சாப்பிடக் கூப்பிட்டு அவையளிட்டையே கேளுங்கோ. முதல்லை உங்கடை கதையைச் சொல்லுங்கோ" என்கிறேன்.